கை இருக்கும் இடத்தில் நினைவு: பானை வனைதல் குறித்து வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், சக்கரத்தில் மண் வனைவதை மனத்தை நிகழ்கணத்தில் இருத்தும் பயிற்சியாக எப்படிக் கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். வனையும் நேரத்தில் விரல்நுனியில் நடப்பதைக் கவனித்திருப்பதும், கவனம் விலகிப்போனது தெரிந்ததும் மீண்டும் விரல்நுனிக்கே வந்து சேர்வதும்தான் அந்தப் பயிற்சி என்பது அக்கட்டுரையின் சாரம். அதைப் படித்து வந்த கடிதங்களில் ஆறு கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. மன அமைதி வேண்டி வாரம் இருமுறை மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். இரண்டு மாதமாகியும் சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்த முடியவில்லை. மண் ஆடிக்கொண்டே இருக்கிறது. எரிச்சலும் படபடப்பும் கூடி, போகும்போது இருந்ததைவிடக் கலங்கிய மனத்தோடு வீடு திரும்புகிறேன். இது எனக்கு ஒத்துவராதா, அம்மா?
– வாசகி, திருச்சி

பதில்: ஒத்துவரும் அம்மா. உங்களுக்கு நேர்வது ஏறத்தாழ எல்லோருக்கும் நேர்வதுதான். சக்கரத்தில் உட்கார்ந்தவுடன் மனம் அமைதியாகிவிடும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த எதிர்பார்ப்புதான் முதல் தடை. மனம் அந்த நேரத்தில் எப்படி இருக்கிறதோ அதைச் சக்கரம் அப்படியே மண்ணில் காட்டும். அவசரமாக இருந்தால் அவசரம் தெரியும், பயந்தால் பயம் தெரியும். எனவே ஆட்டம் கண்டு வருந்த வேண்டாம். முதலில் அந்த ஆட்டம் ஏன் வருகிறது என்று பார்ப்போம்.

மண்ணுருண்டையைச் சக்கரத் தட்டின்மேல் அறைந்து வைக்கும்போது அதன் ஒரு பக்கம் நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது அந்தப் பக்கம் ஒரு தடவை உங்கள் உள்ளங்கையில் வந்து இடிக்கும். அப்போது கை பின்வாங்கினால் மண் தன் போக்கில் போகும். அடுத்த சுற்றில் மீண்டும் இடிக்கும். கை அசையாமல் அதே இடத்தில் நின்றால், ஈரமான மண் இளகியது என்பதால் அதுவே நகர்ந்து கைக்குள் அடங்கும். மண்ணை மல்லுக்கட்டி நடுவுக்குத் தள்ளுவதால் ஆட்டம் நிற்பதில்லை; கை ஒரே இடத்தில் நிற்பதால்தான் நிற்கிறது. இரண்டு மாதமாக நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கை அசையாமல் நிற்க, தோளின் பலத்தை நம்பாதீர்கள். முழங்கைகளைத் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். இருக்கையை இன்னும் ஒரு சாண் சக்கரத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். முக்கால் கிலோவுக்கு மேல் மண் எடுக்க வேண்டாம்; அரைக் கிலோ போதும். வனைவதற்கு முன் மண்ணை நன்றாகப் பிசைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகியும் ஒரு பக்கம் இளகியும் இருக்கும் மண்ணை எந்தக் கைதேர்ந்தவராலும் நடுவில் நிறுத்த முடியாது. நடுவில் நிறுத்தும்போது சக்கரம் வேகமாகச் சுற்றட்டும். பாண்டத்தின் சுவரை மேலே இழுக்கும்போதுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும். பயத்தில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி, கவனப் பயிற்சிக்கு வருகிறேன். அடுத்த வகுப்பில் மண்ணைத் தட்டில் ஒட்டி, தண்ணீர் தொட்டு, இரு கைகளையும் அதன்மேல் வைத்த பிறகு கண்களை மூடிக்கொள்ளுங்கள். பத்துச் சுற்று முடியும்வரை எதையும் சரிசெய்யாதீர்கள். சுற்றுக்கு ஒரு தடவை வரும் அந்த இடி உள்ளங்கையின் எந்த இடத்தில் படுகிறது, கட்டைவிரலுக்குக் கீழேயா, சுண்டுவிரல் பக்கத்து மேட்டிலா என்று மட்டும் பாருங்கள். அப்படிப் பார்க்கும்போது உங்களுக்கே ஒன்று புலப்படும்: நீங்கள் மூச்சைப் பிடித்து வைத்திருப்பீர்கள். என்னிடம் வருகிறவர்களில் மூச்சைப் பிடித்துக்கொள்ளாத புதியவரை நான் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்தால் தோள் ஏறும், தோள் ஏறினால் முழங்கை தொடையை விட்டுக் கிளம்பும், முழங்கை கிளம்பினால் கை ஆடும், கை ஆடினால் மண் ஆடும். ஆகவே மூச்சை வெளியே விட்டபடி கையை மெல்ல இறுக்குங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இறுக்கத்தைக் கூட்டாமல் அப்படியே வைத்திருங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியமானது: கையை எடுக்கும் விதம். மண் நடுவுக்கு வந்ததும் மகிழ்ச்சியில் கையை வெடுக்கென்று எடுப்போம். அந்த ஒரு நொடியில் மண் மீண்டும் விலகிவிடும். வரக் காத்திருந்த அளவு பொறுமை விடுவதற்கும் வேண்டும். ஒரு முழு மூச்சின் நேரத்துக்குப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, தோல் மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலை வந்த பிறகு கையை எடுங்கள். ஒரு மாதத்துக்குக் கிண்ணம், குவளை என்று எதுவும் செய்யாமல், நடுவில் நிறுத்துவதையும் கையை எடுப்பதையும் மட்டும் செய்து பாருங்கள். எரிச்சல் வந்தால் சக்கரத்தை நிறுத்திவிட்டு அந்த எரிச்சல் உடம்பில் எங்கே இருக்கிறது, தாடையிலா, நெஞ்சிலா என்று ஒரு நிமிடம் பாருங்கள். அந்த ஒரு நிமிடத்தையும் வகுப்பின் பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. சக்கரத்திலோ இரண்டு மணி நேரம் போனதே தெரிவதில்லை. இதுவே தியானம்தானே? ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று சொல்வது இதைத்தானா?
– வாசகர், சென்னை

பதில்: நேரம் போனதே தெரியாமல் வேலையில் ஆழ்ந்திருப்பது நல்ல நிலை; அதை அனுபவிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது அதுவன்று. ஆழ்ந்துபோகும்போது நாம் நம்மை மறக்கிறோம். மைண்ட்ஃபுல்னெஸ் என்பதில் மறதிக்கு இடமில்லை. செய்கிறோம் என்பதை அறிந்தபடியே செய்ய வேண்டும்.

இந்தச் சொல் மருத்துவமனைக்குள் வந்தது 1979-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் தீராத வலியும் மன அழுத்தமும் உள்ள நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியபோது. ஆனால் வேர் மிகப் பழையது. ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர்த்தது பாலி மொழியின் 'சதி' என்னும் சொல்லை. அது வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம், அதன் முதற்பொருள் நினைவு. நம் தமிழிலும் நினைவு என்பது பழையதை எண்ணிப் பார்ப்பதை மட்டும் குறிப்பதில்லை. மயங்கி விழுந்தவர் கண் திறந்தால் 'நினைவு திரும்பிவிட்டது' என்றுதானே சொல்கிறோம்? அந்த நினைவைத்தான் இந்தப் பயிற்சி கேட்கிறது. எனக்கு 'விழிப்புணர்வு' என்ற சொல்லைவிட இந்தச் சொல்லே பிடித்திருக்கிறது.

பௌத்தரின் சதிபட்டான சூத்திரத்தில், மூச்சைக் கவனிப்பதற்கு ஓர் உவமை வருகிறது. தேர்ந்த கடைசல்காரரோ அவருடைய மாணவரோ நீளமாகக் கடையும்போது 'நீளமாகக் கடைகிறேன்' என்றும், குறுகலாகக் கடையும்போது 'குறுகலாகக் கடைகிறேன்' என்றும் அறிவதுபோல, துறவி தன் மூச்சு நீண்டதா குறுகியதா என்று அறிகிறார் என்பது அதன் கருத்து. கடைசல்காரர் மரத்தைச் சுழற்றுகிறார், நாம் மண்ணைச் சுழற்றுகிறோம். சுழல்கிற பொருளின்மேல் கை வைத்து வேலை செய்பவரின் கவனத்தை அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் உற்றுப் பார்த்து, அதைத் தியானத்துக்கு அளவுகோலாக வைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது.

ஆகவே உங்கள் இரண்டு மணி நேரத்தைக் கெடுக்க வேண்டாம். அதற்குள் ஒரு கால்மணி நேரத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால்மணியில் ஒவ்வொரு முறை சுவரை மேலே இழுக்கும்போதும் 'இழுக்கிறேன்' என்று மனத்துக்குள் ஒரு சொல் சொல்லுங்கள். விரல் விளிம்பை எட்டியதும் 'எட்டியது'. அவ்வளவுதான். நடுவே அலுவலக நினைப்பு வந்தால் அதையும் 'நினைப்பு' என்று ஒரு சொல்லால் குறித்துவிட்டுத் திரும்புங்கள். உங்களுக்குத் தூக்கம் வராது, ஏனென்றால் தூங்கினால் மண் சரிந்துவிடும்.

கேள்வி: வீட்டிலேயே ஒரு மின்சக்கரம் வாங்கிவிடலாமா? அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மூன்று மாதமாவது வகுப்பில் கற்ற பிறகு வாங்குங்கள். வாங்கினால் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டக் கூடாது, குழாய் அடைத்துக்கொள்ளும். வாளியில் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடிமண்ணைத் திரும்பப் பயன்படுத்துங்கள். காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. அந்தத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கித் தீங்கு செய்யும், எனவே எப்போதும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கேள்வி: பதற்ற நோய்க்காக இரண்டு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறேன். மண்வேலை செய்யும் நாட்களில் மனம் இலேசாக இருக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் தொடரலாமா?
– வாசகி, சேலம்

பதில்: நிறுத்தக் கூடாது, அம்மா. மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினாலே பதற்றம் திரும்பிவரும். மண்வேலை உங்களுக்கு நன்மை செய்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அது அவர் அறிய வேண்டிய செய்தி.

இதில் ஆய்வு உண்டா என்று பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்பவரின் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. 39 பெரியவர்கள் 45 நிமிடம் வண்ணப்பேனா, ஒட்டுப்படம், களிமண் இவற்றில் விரும்பியதைக் கொண்டு கலைவேலை செய்தார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் அழுத்தச் சுரப்பின் அளவு பார்க்கப்பட்டது. ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அது ஒரே ஓர் அமர்வைப் பற்றியது, அதில் களிமண் மூன்று வழிகளில் ஒன்றுதான், அதுவும் கையால் பிசைந்து செய்தது. சக்கரத்தையோ பதற்ற நோய்க்கான சிகிச்சையையோ பற்றியதன்று. கால் பங்கினருக்குக் குறையவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். வனைவதை மருந்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்தின் இடத்தில் வைக்காதீர்கள். ஏதேனும் ஒரு நாள் கண்ணை மூடிக் கவனிக்கும்போது நெஞ்சுப் படபடப்பு கூடினால் உடனே கண்ணைத் திறந்து, வேலையை விட்டு எழுந்து, கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

கேள்வி: நாங்கள் வேளார் குடும்பம். என் தாத்தா ஒரு நாளில் நூறு சட்டி வனைவார். இந்த மைண்ட்ஃபுல்னெஸ் எதுவும் அவருக்குத் தெரியாது. தோள்வலியும் கடனும்தான் தெரியும். நகரத்தில் காசு கொடுத்து இதை நிம்மதிக்காகக் கற்கிறார்கள் என்று படிக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.
– வாசகர், மானாமதுரை

பதில்: உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன், தம்பி. அந்த வேதனை நியாயமானது. பிழைப்புக்காக நூறு சட்டி வனைவதும் ஓய்வுக்காக ஒரு கிண்ணம் வனைவதும் ஒன்றல்ல. மழை வந்தால் சூளை போகும், கண்மாயில் மண் எடுக்க ஒவ்வொரு முறையும் யாரிடமாவது நிற்க வேண்டும், அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்தபின் வாங்குவோர் குறைந்தார்கள். இவற்றுக்கு நடுவே வேலை செய்தவரை 'எவ்வளவு அமைதியான தொழில்' என்று புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

ஆனாலும் உங்கள் தாத்தாவுக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்காது; கவனம் தெரிந்திருக்கும். உங்கள் ஊர்க் கடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தில் வனைந்ததோடு அது முடிவதில்லை. உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லை ஏந்தி, வெளியே மறுகையில் மரப்பலகையால் தட்டி, உலரவிட்டு, மீண்டும் தட்டி, சுவர் முழுதும் ஒரே சீராக வரும்வரை செய்கிறார்கள். கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பலகை சரியாக அந்த இடத்தின் மேல் விழுந்தால் ஒரு சத்தம், அரை விரல் தள்ளி விழுந்தால் வேறு சத்தம். தட்டுகிறவர் பேசிக்கொண்டிருப்பார், பேச்சின் நடுவே சத்தம் மாறினால் கை தானாக நின்று, திரும்பி அதே இடத்துக்குப் போகும். நான் வகுப்பில் கற்றுத்தர முயல்வது அந்தத் திரும்புதலைத்தான். எனக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வராது.

மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரைக் காப்பாற்ற அது உதவும். வனைகிறவருக்கு நியாயமான விலை கிடைக்க வாங்குகிறவர்கள் மனம் வைக்க வேண்டும். நகரத்து வகுப்புகளை நடத்துகிற எங்களுக்கும் இதில் கடமை உண்டு. புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய பிறகுதான் உயர்வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் கலை இந்தப் பக்கம் பரவியது. அந்த வழியில் வந்த எங்களில் பலர், பக்கத்து ஊர்ச் சூளையைப் போய்ப் பார்க்காமலேயே ஜப்பானியக் கிண்ணங்களைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டோம். நானும் அப்படி இருந்தவள்தான். இப்போது என் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேளார் பட்டறைக்கு அழைத்துப் போகிறேன். அங்கே கற்றுத்தருகிறவருக்கு, நகரத்து ஆசிரியருக்கு என்ன ஊதியமோ அதே ஊதியம். உங்கள் குடும்பத்தில் இன்னும் யாரேனும் வனைகிறார்கள் என்றால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள், நாங்கள் வருகிறோம்.

கேள்வி: நான்கு மாதம் கற்று, முதன்முதலாகத் திருப்தியாக ஒரு கிண்ணம் செய்தேன். சூளையிலிருந்து எடுத்தபோது அடியில் 'எஸ்' எழுத்துப் போல விரிசல். அதே மண்ணைக் குழைத்துப் பூசினேன், காய்ந்ததும் உதிர்ந்துவிட்டது. 'பற்று வைக்காதே' என்று தோழி சொல்கிறாள். ஆனால் வருத்தம் தீரவில்லை. என்ன தவறு செய்தேன்?
– வாசகி, மதுரை

பதில்: வருந்துங்கள், நான்கு மாத உழைப்பு அது. பற்றை விடுவது என்ற பேச்சை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். முதலில் விரிசலைப் பார்ப்போம்.

மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குகிறது. ஸ்டோன்வேர் மண் ஈரநிலையிலிருந்து சூளை முடியும்வரை பொதுவாக 10 முதல் 12 விழுக்காடு சுருங்கும். சுவரை இழுக்கும்போது விரல்கள் சுவர் மண்ணை அழுத்தி நெருக்கிவிடுகின்றன. அடியை யாரும் அழுத்துவதில்லை. போதாததற்கு வனையும் தண்ணீரும் அங்கேயே தேங்குகிறது. நெருங்கிய சுவர் ஓர் அளவு சுருங்க, நெகிழ்ந்த அடி வேறு அளவு சுருங்கும். அந்த வேறுபாடு அடியில் விரிசலாகத் திறக்கும்; சுழற்சியின் முறுக்கு மண்ணில் இருப்பதால் அது 'எஸ்' வடிவம் கொள்ளும். இனி, மண்ணுருண்டையின் நடுவில் குழியைத் திறந்தவுடன் விரலாலோ மரத்துண்டாலோ அடியை வெளியிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து வெளிக்குமாக மூன்று நான்கு தடவை அழுத்தித் தேயுங்கள். முடித்ததும் ஸ்பாஞ்சால் அடியில் உள்ள நீரை ஒற்றி எடுங்கள். விளிம்பு முந்தி உலராதபடி பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாக உலரவிடுங்கள். விளிம்பு தாங்கும் அளவுக்கு இறுகியதும் கவிழ்த்து வையுங்கள்.

பூசிய மண் உதிர்ந்ததற்குக் காரணம் நம் பழமொழியிலேயே இருக்கிறது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா? சூளையில் 600 பாகை செல்சியஸை எட்டும்போதே மண்ணின் உள்ளே பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன் பிறகு அது எவ்வளவு ஊறினாலும் மீண்டும் குழையாது, சுருங்கி முடிந்த பொருள். அதன்மேல் பூசிய பச்சை மண்ணுக்கோ இனிமேல்தான் சுருக்கம். ஒன்று நிற்க, மற்றொன்று விலகும்.

நான் கற்ற காலத்தில் என் ஆசிரியை முதல் ஆறு வாரம் நாங்கள் செய்த எதையும் தட்டிலிருந்து எடுக்க விடவில்லை. கிண்ணம் முடிந்ததும் அவரே ஒரு மெல்லிய கம்பியை எங்கள் கையில் கொடுத்து, விளிம்பிலிருந்து அடிவரை நடுவாக அறுக்கச் சொல்வார். முதல் நாள் எனக்குக் கண்ணீர் வந்தது. அறுத்த பாதியைப் பிரித்தபோது, வெளியே அழகாகத் தெரிந்த சுவர் அடியில் விரல் தடிமனாகவும், நடுவில் தாள்போல மெலிந்தும், விளிம்பில் மீண்டும் தடித்தும் இருந்தது. அந்த மெலிந்த இடம் வனைந்தபோது நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. அவர் வேறொன்றும் சொல்லாமல் அடுத்த உருண்டையை எடுத்துக் கொடுத்தார்.

விரிசல் விட்ட கிண்ணத்தை எறிய வேண்டாம். அடியில் ஏற்கெனவே வழி இருப்பதால் சிறு செடி வைக்கலாம். அடுத்த வகுப்பில் செய்யும் முதல் மூன்று கிண்ணங்களை வைத்துக்கொள்ள நினைக்காமல் அறுத்துப் பாருங்கள். அடி ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளாக, சீராக, வெட்டிய முகத்தில் துளையோ மடிப்போ இல்லாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான்காவதைச் சூளைக்கு அனுப்புங்கள்.